பூஜ்யம் உரைத்த பொய்

பரீட்சையிற் பூஜ்யம் வாங்கிய மாணவன் அதனைத் தந்தையாரிடம் காட்ட அஞ்சுவது உலக வழக்கு. நாம் பயிலும் கணினித் துறையிலோ பூஜ்யமே வெற்றிக்கு அடையாளம். ஒரு புரோகிராம் தன் வேலையை முடித்து நீங்குங்கால் ஓர் எண்ணை விட்டுச் செல்லும். அதனை முடிவெண் என்போம். பூஜ்யமாயின் யாவும் செவ்வனே நிறைவேறின. வேறெவ்வெண்ணாயினும் குறையுண்டு என்பது யூனிக்ஸ் மரபு. வெற்றி ஒருவகைத்து, தோல்வியோ பலவகைத்து. ஆதலின் எஞ்சிய எண்களெல்லாம் தோல்விக்கு விடப்பட்டன போலும்.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் சிலர் கூடி லினக்ஸ் கர்னலின் நினைவகப் பகுதியிற் சிறு திருத்தமொன்று செய்தோம். கர்னலாவது கணினியின் உறுப்புக்களை ஆளும் அடிப்படைப் புரோகிராம். அதிற் பிழை புகின் அதன்மேல் நிற்பன யாவும் கெடும். ஆதலின் நாமே சில சோதனைகளும் எழுதினோம். அவற்றுள் ஒன்று 256 நினைவகப் பக்கங்களை ஒவ்வொன்றாய் ஒப்பிட்டு, பிழைபட்டவற்றின் தொகையையே முடிவெண்ணாக விடும். என்ன நயமான ஏற்பாடென்று நம்மை நாமே மெச்சிக்கொண்டோம். ஓட்டினோம்; பூஜ்யம் வந்தது. மகிழ்ந்து திருத்தத்தை ஆசிரியரிடம் ஒப்படைத்தோம்.

மறுவாரம் அவர் அழைத்து, "தம்பிமாரே, முடிவெண்ணை மட்டுமா பார்த்தீர்கள்? சோதனை எழுதிக் காட்டிய வரிகளைப் படிக்கவில்லையா?" என்றார். படித்தோமில்லை. 256 பக்கங்களும் பிழைபட்டிருந்தன! முடிவெண்ணுக்குரிய இடம் எட்டு பிட்டுகளே. 0 முதல் 255 வரையே அதிலடங்கும். 256 மீண்டும் பூஜ்யமாகிவிடும். ஒரு பக்கமேனும் தப்பியிருப்பின் 255 வந்து நம்மைத் தடுத்திருக்கும். முழுத் தோல்வியே முழு வெற்றியின் வேடம் பூண்டுவிட்டது. அன்று நாம் அடைந்த நாணம் சொல்லுந்தரத்ததன்று.

நிற்க. மற்றொரு சோதனை இதனினும் கள்ளமுடையதாயிருந்தது. அதற்கு ரூட் அதிகாரம் வேண்டும். அஃதின்மையால் ஒன்றும் செய்யாமலே பூஜ்யத்துடன் நீங்கியது. பரீட்சைக்கே வாராதவனைத் தேறியவர் பட்டியலிற் சேர்த்தது போன்றதே இது. இக்குறை நம்மிடம் மட்டும் இருந்ததன்று. கர்னலின் மூலத்தோடேயே வரும் கேசெல்ப்டெஸ்ட் என்னும் சோதனைத் தொகுதியில், 0 தேறியது, 1 தவறியது, 2 எதிர்பார்த்தவாறே தவறியது, 3 எதிர்பாராது தேறியது, 4 நடத்தாது விடப்பட்டது என ஒழுங்கு உண்டு. ஆயினும் அதனுட்பட்ட பல சோதனைகள் விடுபட்டதற்கும் வேறெண் தந்துவந்தமையால், 2018-ஆம் ஆண்டில் அவற்றை ஒவ்வொன்றாய் 4 என்று திருத்தினர்.

இன்னும் ஊருக்கொரு படியாகவே வழங்குகிறது. லினக்ஸ் டெஸ்ட் பிராஜெக்ட் என்னும் தொகுதியில் 4 என்பது எச்சரிக்கை. நடத்த இயலாமைக்கு அங்கே 32. ஆட்டோமேக்கில் அதற்கே 77. இவையனைத்தையும் ஓரிடத்தில் ஓட்டித் தொகுப்பவன் எந்தத் தொகுதியின் எண் என்றறியாது பொருள் கொள்வானாயின், நமக்கு நேர்ந்ததே அவனுக்கும் நேரும்.

நாம் திருத்தத்தைத் தொடுமுன் சோதனைகளையே முதலிற் சீர்செய்தோம். பிழைத்தொகை எழுத்து வரிகளுக்குப் போயிற்று, முடிவெண் 1 அல்லது 0, அதிகாரமின்றேல் 4. மறுபடி ஓட்டினோம். முதலிற் 4 வந்தது. தக்க அதிகாரத்துடன் ஓட்ட, இரண்டு சோதனைகளும் 1 என்றன. ஆசிரியர் புன்முறுவல் பூத்து, நாற்காலியை இழுத்துப்போட்டு நம்மருகில் அமர்ந்தார்.