மேல் வீட்டுக் குளியல், கீழ் வீட்டு மழை

பாத்ரூம் தரையைப் பற்றி ஒரு கட்டுரையா என்று சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் மட்டும் சிரிக்க மாட்டார்கள். மேல் வீட்டில் ஒருவர் குளித்தால் கீழ் வீட்டு சீலிங்கில் சொட்டுகிற கதை அவர்களுக்குத்தான் தெரியும்!

வெளிநாட்டில் ‘வெட் ரூம்’ என்று தனிப்பெயர் வைத்து, கூடுதல் காசு கொடுத்துக் கட்டுகிற அறை, தமிழ்நாட்டில் கிட்டத்தட்ட எல்லா வீட்டிலும் இருக்கிறது. பக்கெட்டில் பிடித்து, மக்கில் மொண்டு ஊற்றி, அங்கேயே துணியும் அலசி, கடைசியில் தரையையும் கழுவிவிடுகிற ஊர் இது. முழுத் தரையும் தினமும் நனையும். அந்தத் தரைக்கு இரண்டே வேலைதான். தண்ணீரை ஓட்டை பக்கம் அனுப்ப வேண்டும். மிச்சத்தைக் கீழே விடாமல் தாங்க வேண்டும்.

முதல் வேலைக்குப் பெயர் வாட்டம். 80 அடிக்கு 1 அடி இறக்கம் என்பது பொதுவான கணக்கு. அதாவது 5 அடி பாத்ரூமில் முக்கால் அங்குலம். இதைவிடக் குறைந்தால் தண்ணீர் மூலையில் தேங்கும், பாசி பிடிக்கும், வழுக்கும். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அது எங்கே போய் முடியும் என்று சொல்லத் தேவையில்லை. இந்த வாட்டம் டைல்ஸில் மட்டும் இருந்தால் போதாது, அடியில் இருக்கும் கலவையிலும் இருக்க வேண்டும். காரணம், டைல்ஸுக்குக் கீழேயும் தண்ணீர் போகும்.

இங்கேதான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். டைல்ஸ் போட்டுவிட்டால் தண்ணீர் இறங்காது என்று ஒரு நம்பிக்கை. டைல்ஸ் வழியே இறங்காது, சரி. இரண்டு டைல்ஸுக்கு நடுவே பூசுகிறார்களே வெள்ளை சிமெண்ட், அது வழியே மெல்ல மெல்ல இறங்கும். நிறைய அடுக்குமாடிகளில் பாத்ரூம் சிலாப்பை மட்டும் பள்ளமாக இறக்கி, அதில் குழாய்களைப் பதித்து, உடைந்த செங்கல்லைக் கொட்டி நிரப்புவார்கள். கசிந்த தண்ணீர் அந்தப் பள்ளத்தில் தொட்டி மாதிரி சேரும். மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாது. ஒருநாள் கீழ் வீட்டில் பெயிண்ட் உப்பும்.

பெயிண்ட் போனால் போகட்டும், உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிப்பதுதான் ஆபத்து. துரு, பழைய இரும்பைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் இடம் பிடிக்கும். இடம் போதாமல் கான்கிரீட்டைப் பிளந்து கீழே தள்ளும்.

இதைத் தடுக்கிற வேலை டைல்ஸுக்கு முன்னால் நடக்க வேண்டும். முதலில் சிலாப்பைத் துளைத்துப் போகும் குழாய்களைச் சுற்றி இடைவெளி இல்லாமல் அடைக்க வேண்டும். சுவரும் தரையும் சேரும் மூலையைக் கலவையால் வளைவாகப் பூச வேண்டும். அதன்மேல் வாட்டர் ப்ரூஃபிங் பூச்சு இரண்டு கோட். முதல் கோட் நன்றாகக் காய்ந்த பிறகே, குறுக்குவாட்டில் இரண்டாவது. பூச்சு தரையோடு நிற்காமல் சுவரில் ஒரு அடியாவது ஏற வேண்டும், ஷவர் இருக்கும் பக்கம் ஆள் உயரத்துக்கு. பிறகு ஓட்டையை அடைத்து, தண்ணீர் கட்டி, 24 மணி நேரமாவது விட்டுவிட்டு, கீழ் வீட்டு சீலிங்கைப் போய்ப் பார்க்க வேண்டும். காய்ந்திருந்தால் டைல்ஸ் போடலாம். ஈரம் தெரிந்தால் அப்போதே சரிசெய்யலாம், செலவு கொஞ்சம்தான். டைல்ஸ் போட்ட பிறகு தெரிந்தால்? எல்லாவற்றையும் உடைக்க வேண்டும்.

இவ்வளவு எளிதான வேலையை ஏன் விட்டுவிடுகிறார்கள்? பொருளாதாரப் பாடத்தில் ‘புறவிளைவு’ என்று ஒன்று வரும். ஒருவர் மிச்சம் பிடிக்கிற காசுக்கு இன்னொருவர் நஷ்டப்படுவது. ஆலைப் புகையை உதாரணம் சொல்வார்கள். பாத்ரூம் தரை அதைவிட நல்ல உதாரணம். பூச்சுக்குக் காசு கொடுப்பவர் மேல் வீட்டுக்காரர். அதனால் பயன் பெறுபவர் கீழ் வீட்டுக்காரர். மேல் வீட்டுக்காரர் கண்ணுக்கு ஒழுகலே தெரியாது! அவருக்குத் தெரிவதெல்லாம் டைல்ஸின் பளபளப்பு. அதனால் டைல்ஸ் கடையில் மூன்று மணி நேரம் நிற்கிறார். பூச்சைப் பற்றி மேஸ்திரியிடம் மூன்று நிமிடம்கூடப் பேசுவதில்லை.

2016-ல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் இதில் கொஞ்சம் கைகொடுக்கிறது. அந்தச் சட்டத்துக்கு உட்பட்ட கட்டிடங்களில், வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 வருடத்துக்குள் வேலையில் குறை இருப்பதைச் சொன்னால், பில்டர் 30 நாளுக்குள் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். ஆனால் குடிவந்த பிறகு வீட்டுக்காரரே பாத்ரூமை உடைத்துப் புதுசாகக் கட்டி, பழைய பூச்சைக் கிழித்துவிட்டால் பில்டரைப் பிடிக்க முடியாது. அப்புறம் மேல் வீடும் கீழ் வீடும் அசோசியேஷன் மீட்டிங்கில் சண்டை போட வேண்டியதுதான். பொங்கலுக்குக் கரும்பு கொடுத்து வாங்கிய இரண்டு குடும்பங்கள் லிஃப்டில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

யாராவது புதிதாக ஃபிளாட் பார்க்கப் போனால், டைல்ஸ் எந்தக் கம்பெனி என்பதை அப்புறம் விசாரிக்கலாம். பாத்ரூமில் தண்ணீர் கட்டிப் பார்த்தார்களா, எத்தனை மணி நேரம், எப்போது என்று முதலில் கேட்கட்டும். கையோடு கீழ் வீட்டுக் கதவையும் ஒரு தட்டு தட்டி, சீலிங்கைப் பார்த்துவிட்டு வந்தால் இன்னும் நல்லது.