எப்போது சூடாகிறது?

ஓர் அறிகுறிக்குப் பல காரணங்கள் இருக்கக்கூடும்போது எந்தக் கேள்வியை முதலில் கேட்பது? ஆய்வுமுறையியல் வகுப்பில் கேட்டுப் பழகிய இந்தக் கேள்வியை, கடந்த கோடையில் ஒரு பழைய நீர்க்குளிர்வு மோட்டார் சைக்கிள் வழியாக மீண்டும் எதிர்கொண்டேன்.

நெய்யாற்றின்கரை, பாறசாலை எல்லைச் சிற்றூர்களின் பேச்சுத்தமிழைப் பதிவுசெய்வது என் ஆய்வு. ஆரியங்கோட்டிலிருந்து பேருந்து எட்டாத வீடுகளுக்குச் செல்ல அந்த வண்டி ஒன்றே துணை. பதினைந்து ஆண்டுகளைக் கடந்த அது, வெள்ளறடைப் பக்கத்து ஏற்றங்களில் வெப்ப எச்சரிக்கை விளக்கைக் காட்டத் தொடங்கியது. சூடு மிகுந்து சிலிண்டர் ஹெட் வளைந்துவிட்டால், தாமதமாகவே வந்துசேரும் உதவித்தொகை அச்செலவைத் தாங்காது, களப்பணியும் நின்றுபோகும்.

ஒரு பட்டறையில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியச் சொன்னார்கள். இன்னொன்றில் ரேடியேட்டரையே மாற்றச் சொன்னார்கள். அவர்களை நொந்து பயனில்லை. புல்லட், ராஜ்தூத், யெஸ்டி என நம் சாலைகளை நெடுங்காலம் ஆண்டவை காற்றால் குளிரும் வண்டிகள். இங்கிலாந்தில் ஆல்ஃபிரட் ஆங்கஸ் ஸ்காட் 1908-ஆம் ஆண்டிலேயே நீர்க்குளிர்வைக் கையாண்டார். சுசுகியின் ஜிடி750 1971-இல் வெளிவந்தது. இங்கோ, யமஹா ஆர்15 அறிமுகமான 2008-க்குப் பின்னரே இந்த நுட்பம் பரவலாயிற்று. கைப்பழக்கம் உருவாகக் காலம் பிடிக்கும்.

எங்கள் ஊர்ப் பட்டறை அண்ணன் மட்டும் ஸ்பானரைத் தொடுமுன் கேட்டார்: “மக்கா, வண்டி எப்பம் சூடாவுதுண்ணு முதல்ல சொல்லு. எதை மாத்தணும்ணு பெறவு பாப்பம்.”

அந்த ‘எப்பம்’ என்ற சொல்லில் முழு ஆய்வுமுறையும் அடங்கியிருந்தது. வேகமாக ஓடும்போது காற்று தானாகவே ரேடியேட்டரை ஊடுருவும். அப்போதும் சூடேறினால் நீரோட்டத்தை ஐயுற வேண்டும்: அடைபட்ட ரேடியேட்டர், தேய்ந்த பம்பு, முழுதாகத் திறவாத தெர்மோஸ்டாட். ஊர்ந்து செல்லும்போதும் நிற்கும்போதும் மட்டும் சூடேறினால் காற்றோட்டத்தை, அதாவது மின்விசிறியை, ஐயுற வேண்டும். குளிர்ந்த எஞ்சினை இயக்கியதுமே ரேடியேட்டர் வாயில் இடைவிடாது குமிழிகள் எழுந்தால் ஹெட் கேஸ்கெட் கசிகிறது எனலாம்.

ஒரு வாரம் குறிப்பெடுத்தேன். தேசிய நெடுஞ்சாலையில் ஒருமுறையும் விளக்கு எரியவில்லை. ஏற்றத்திலும் பாறசாலைச் சந்தை நெரிசலிலும் தவறாமல் எரிந்தது. குறிப்பேட்டைப் பார்த்த அண்ணன் விசிறிக்கு பேட்டரியிலிருந்து நேரடியாக மின்சாரம் கொடுத்தார், சுழன்றது. வெப்ப சுவிட்சின் இரு கம்பிகளையும் இணைத்தார், அப்போதும் சுழன்றது. சூடேறியதும் விசிறியை இயக்க வேண்டிய அந்தச் சிறு சுவிட்சுதான் செத்திருந்தது. சில நூறு ரூபாயில் வேலை முடிந்தது.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றியிருந்தால் என்னவாகியிருக்கும்? விசிறி அப்போதும் சுழன்றிராது. மழைக்காலத்தில் எஞ்சின் உரிய வெப்பத்தை எட்டாமல் எரிபொருளைக் கூடுதலாகக் குடித்திருக்கும், தேய்மானமும் மிகுந்திருக்கும். ஐயம் இருந்தால் தெர்மோஸ்டாட்டை ஒரு பாத்திர நீரில் இட்டுச் சூடாக்கி, அதன்மேல் பொறித்த வெப்பநிலையில் திறக்கிறதா என்று பார்த்துவிடலாம். எறிவதைவிட எளிது அது.

இத்தகைய வண்டி வைத்திருக்கும் நண்பர்களுக்கு இரண்டு வேண்டுகோள்கள். சூடான ரேடியேட்டரின் மூடியை எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். அழுத்தத்தில் அடங்கியிருக்கும் நீர், மூடி தளர்ந்த நொடியில் கொதித்துச் சீறும். வெறும் கிணற்று நீரை ஊற்றி ஓட்டாதீர்கள். அதில் கரைந்துள்ள உப்புகள் நுண்குழாய்களில் படிந்து, இல்லாத அடைப்பையும் உண்டாக்கும்.

அந்த வாரக் குறிப்பேட்டில் ஒரு பக்கம் வெப்பம். மறுபக்கம் அன்றன்று கேட்ட சொற்கள். ‘எப்பம்’ அதில் பதிவாகியிருக்கிறது. பொருள் நேராக எழுதியிருக்கிறேன்: எப்போது.