முதல்ல நிக்கக் கத்துக்கோ

"அண்ணா, ஜனவரி லீவுல குல்மார்க் போறோம். ஸ்னோபோர்டிங் டிப்ஸ் ஏதாவது இருந்தா சொல்லுங்கண்ணா." மூன்றாம் வருட ஜூனியர்கள் ரெண்டு பேர் மெஸ்ஸில் வைத்துக் கேட்டார்கள். தட்டில் சாம்பார் ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயமாக இல்லை. எழுதித் தர்றேன்டா என்றேன். அதுதான் இது.

முதலில் ஒரு டிஸ்கிளெய்மர். நான் எக்ஸ்பர்ட் கிடையாது. போன ஜனவரியில், ஏழாவது செமஸ்டர் முடிந்த கையோடு, நாலு பேராகப் போய் ரெண்டு நாள் போர்டில் நின்றவன். "நின்றவன்" என்பதுகூடக் கொஞ்சம் ஓவர். அதிக நேரம் உட்கார்ந்துதான் இருந்தேன். ஆனால் ஆரம்பத்தில் என்னவெல்லாம் தப்பு செய்யலாம் என்று கேட்டால், அதில் நான் டிஸ்டிங்ஷன்.

நாலு பேரில் ஒருத்தன் என் ரூம்மேட். ராத்திரி ஒன்பதரைக்கே தூங்கிவிடுவான் என்பதால் ஹாஸ்டலில் அவனுக்குப் பேர் தாத்தா. பிப்ரவரியில் அவனுக்கு கேட் எக்ஸாம். ஒரு வருஷமாக அதற்குத்தான் படித்துக்கொண்டிருந்தான். வரமாட்டேன் என்றுதான் சொன்னான். நான்தான் விடவில்லை. "ரூமுக்குள்ளயே கெடந்தா மூளை துருப்புடிச்சிரும்டா, வா" என்று டிக்கெட்டையும் சேர்த்துப் போட்டுவிட்டேன். இது ஏன் முக்கியம் என்று பிறகு சொல்கிறேன்.

குல்மார்க்கின் உயரம் சுமார் 2,650 மீட்டர். நம்ம ஊட்டி தொட்டபெட்டா 2,637. கிட்டத்தட்ட ஒரே உயரம். ஆனால் தொட்டபெட்டாவில் நாம் ஸ்வெட்டர் போட்டு மிளகாய் பஜ்ஜி சாப்பிடுவோம், அங்கே ஜனவரியில் முழங்கால் வரை பனி. அது அவ்வளவு வடக்கே இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். ஸ்ரீநகரிலிருந்து தங்மார்க் வரை வந்து, கடைசி 13 கிலோமீட்டர் மலைப்பாதை. டயரில் செயின் கட்டிய வண்டிகள்தான் பனியில் ஏறும். சிம் விஷயமும் சொல்லிவிடுகிறேன்: எங்கள் ப்ரீபெய்டு நம்பர்கள் காஷ்மீரில் வேலை செய்யவில்லை. குரூப்பில் ஒருத்தராவது போஸ்ட்பெய்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி போர்டு. வாடகைக் கடையில் அவசரப்படாதீர்கள். போர்டை நிமிர்த்தி வைத்தால் அதன் நுனி உங்கள் மோவாய்க்கும் மூக்குக்கும் நடுவில் வர வேண்டும். பூட்ஸ்தான் எல்லாவற்றையும்விட முக்கியம். விரல் நுனி முன்னால் லேசாகத் தொட வேண்டும், குதிகால் மேலே எழும்பக் கூடாது. குதிகால் எழும்பினால் நீங்கள் காலைச் சாய்ப்பீர்கள், போர்டு சாயாது. குளிருகிறதே என்று ரெண்டு சாக்ஸ் போடாதீர்கள். கம்பளி சாக்ஸ் ஒரே ஜோடி போதும். அப்புறம் பைண்டிங்கை, அதாவது பூட்ஸைப் போர்டோடு கட்டும் பிடியை, கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். எனக்குக் கொடுத்த போர்டில் ஒரு ஸ்க்ரூ லூஸ். மெக்கானிக்கல் படித்ததற்கு அன்றைக்குத்தான் ஒரு பிரயோஜனம்.

ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். எங்களில் ஒருத்தன் ஸ்டைலாகப் போட்டு வந்தான். நாலு தடவை விழுந்ததில் நனைந்து, பத்து மணிக்கு விறைத்து, பதினோரு மணிக்கு கஹ்வா கடை அடுப்பு பக்கத்தில் செட்டில் ஆகிவிட்டான். வாட்டர்ப்ரூஃப் பேன்ட்டும் கையுறையும் வாடகைக்கே கிடைக்கும். கண்ணாடியும் சன்ஸ்கிரீனும் கட்டாயம். புதுப் பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். வெயில் மேலே இருந்து மட்டும் வருவதில்லை, கீழே இருந்தும் வரும். என் மூக்கின் அடிப்பக்கம் உரிந்தபோதுதான் அது புரிந்தது.

எந்தக் கால் முன்னால்? இடது கால் முன்னால் என்றால் ரெகுலர், வலது என்றால் கூஃபி. தெரியவில்லையென்றால், சொல்லாமல் கொள்ளாமல் பின்னாலிருந்து ஒருத்தனைத் தள்ளச் சொல்லுங்கள். எந்தக் கால் தானாக முன்னால் போகிறதோ, பெரும்பாலும் அதுதான்.

முதல் நாள் ஒரு இன்ஸ்ட்ரக்டர் வைத்துக்கொண்டோம். உள்ளூர்க்காரர். ஃபெரன் என்கிற அந்த நீள அங்கியோடு வந்தார். எங்கள் ஹிந்தி "கித்னா பாய்" அளவில்தான். அவர் ஹிந்தியில் சொல்லி, கையால் காட்டி, கடைசியில் எங்கள் தோளைப் பிடித்துச் சாய்த்துப் புரியவைத்தார். போர்டை மாட்டியதும் நாங்கள் கேட்டது, "பாய், டர்ன் எப்படி?" அவர் சிரித்துவிட்டு, "பெஹ்லே ருக்னா" என்றார். முதல்ல நிக்கக் கத்துக்கோ.

நிறுத்துவது எப்படி என்றால், மலைக்கு முதுகைக் காட்டி, பள்ளத்தைப் பார்த்து, போர்டைச் சரிவுக்குக் குறுக்கே வையுங்கள். ஒரு பந்தை விட்டால் எந்தப் பக்கம் உருளுமோ, அந்தக் கோட்டுக்குச் செங்குத்தாக. முட்டியை மடக்கி, குதிகாலில் எடையைப் போட்டு, கால்விரலை லேசாகத் தூக்குங்கள். மேல்பக்க விளிம்பு பனியைக் கடிக்கும், நின்றுவிடுவீர்கள். விரலைக் கொஞ்சம் இறக்கினால் மெதுவாகச் சறுக்கும், தூக்கினால் நிற்கும். கிளட்சை விட்டு விட்டுப் பிடிப்பது மாதிரி. இதை ஒரு மணி நேரம் செய்தோம். போர் அடிக்கத்தான் செய்யும். செய்யுங்கள். பிறகு அதே விளிம்பில் இடப்பக்கம் கொஞ்சம், வலப்பக்கம் கொஞ்சம், காய்ந்த இலை ஆடி ஆடி விழுவது போல. பிறகு திரும்பி மலையைப் பார்த்து நின்று, கால்விரல் விளிம்பில் இதே பாடம். டர்ன் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இதில் ஒரு விதி தலையில் ஆணி அடித்த மாதிரி இருக்கட்டும்: பள்ளத்துப் பக்க விளிம்பு ஒருபோதும் பனியைத் தொடக் கூடாது. போர்டு தட்டையாகி அந்த விளிம்பு குத்திவிட்டால், போர்டு டக்கென்று நின்றுவிடும், நீங்கள் நிற்க மாட்டீர்கள். பைக்கில் முன் பிரேக்கை மட்டும் இறுக்கிப் பிடித்தால் ஹேண்டில்பாருக்கு மேல் பறப்போமே, அதேதான். உங்கள் எடை மொத்தமும் அந்த விளிம்பைச் சுற்றித் திரும்பி, சாட்டை மாதிரி தரையில் அறையும். இதற்கு எட்ஜ் கேட்ச் என்று பெயர்.

இன்னொன்று, பயந்தால் உடம்பு தானாகப் பின்னால் சாயும். சாய்ந்தால் போர்டின் முன்பக்கம் லேசாகிவிடும், திருப்பினால் திரும்பாது. வீலிங் போகிற வண்டியின் ஹேண்டிலைத் திருப்பிப் பிரயோஜனம் உண்டா? அதனால் பயமாக இருக்கும்போதுதான் முன்காலில் எடை போட வேண்டும். சொல்வது சுலபம். பார்வை பூட்ஸில் இருக்கக் கூடாது, போக வேண்டிய இடத்தில் இருக்க வேண்டும். பார்வை போகிற பக்கம் தோள் போகும், தோள் போகிற பக்கம் போர்டு போகும்.

விழுவது பற்றியும் பாய் அன்றைக்கே சொன்னார். பின்னால் விழுந்தால் குந்தி உட்கார்ந்து உருளு, மோவாயை நெஞ்சோடு ஒட்டிக்கொள். முன்னால் விழுந்தால் கையை விரித்து ஊன்றாதே. முஷ்டியை மூடி, முழங்காலும் முன்கையுமாக விழு. எங்களை வேண்டுமென்றே பத்துப் பத்துத் தடவை விழச் சொன்னார். நாங்கள் அதை வீடியோ எடுத்துச் சிரித்தோம்.

முதல் நாள் சாயங்காலம் எனக்கு ஒரு டர்ன் வந்துவிட்டது. ஒண்ணே ஒண்ணு. அதிலிருந்துதான் பிரச்சினை ஆரம்பம்.

ரெண்டாம் நாள் பாய், "இன்னைக்கும் இதே பேபி ஸ்லோப்" என்றார். நான் கணக்குப் போட்டேன். இன்ஸ்ட்ரக்டர் காசு மிச்சம், அதில் கொண்டோலா டிக்கெட். கேபிள் காரின் முதல் கட்டம் கொங்டூரி வரை போகும், சுமார் 3,080 மீட்டர். அங்கிருந்து கீழே இறங்குகிற சரிவு பேபி ஸ்லோப்பைவிட ரொம்ப நீளம், இடையிடையே செங்குத்து. தாத்தா, "இன்னும் ஒரு நாள் கீழயே பண்ணலாம்டா, எனக்கு நிக்கவே வரல" என்றான். "ஒண்ணும் ஆகாது, வாடா. நான் இருக்கேன்ல" என்றேன். நான் இருந்து என்ன செய்வேன் என்று அவனும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

மேலே போய் இருநூறு அடிகூட இறங்கியிருக்க மாட்டோம். அவன் பாடத்தில் சொன்னபடி குதிகால் விளிம்பில், பள்ளத்தைப் பார்த்து, மெதுவாகத்தான் வந்தான். நான் கீழே நின்று, "பயப்படாத, நேரா வுட்றா, திரும்பு, திரும்பு!" என்று கத்தினேன். என் பேச்சைக் கேட்டு விரலைக் கீழே இறக்கினான். போர்டு தட்டையானது. முன் விளிம்பு குத்தியது. இரண்டு கையையும் விரித்து முன்னால் விழுந்தான். எனக்கு மேலே பத்தடி தூரத்தில். சத்தம் ஒன்றும் பெரிதாக இல்லை. எழுந்து உட்கார்ந்து வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு, "மச்சான், இது சரியில்ல" என்று மட்டும் சொன்னான்.

மஃப்ளரால் கையைக் கழுத்தோடு கட்டி, ஸ்டேஷனுக்கு நடந்தே ஏறி, கொண்டோலாவில் இறங்கினோம். அந்தச் சில நிமிஷம் நாலு பேரில் யாரும் பேசவில்லை. கீழே எக்ஸ்ரே. மணிக்கட்டுக்குச் சற்று மேலே ரேடியஸ் எலும்பு. ஆறு வாரம் மாவுக்கட்டு என்றார் டாக்டர். ஸ்னோபோர்டு புதுசாகக் கற்றுக்கொள்கிறவர்கள் அதிகம் உடைத்துக்கொள்வது மணிக்கட்டைத்தான் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். ஸ்கேட்டிங் போகிறவர்கள் கட்டும் ரிஸ்ட் கார்டு இங்கேயே கடையில் கிடைக்கிறது. வாங்கிக்கொண்டு போங்கள். அங்கே எங்கள் வாடகைக் கடையில் ஹெல்மெட் இருந்தது, ரிஸ்ட் கார்டு இல்லை.

இருந்த ஒரே போஸ்ட்பெய்டு போனில் தாத்தா அவன் அம்மாவிடம் பேசினான். "லேசா சுளுக்குமா" என்றான். என் பேரை எடுக்கவில்லை.

கேட் எக்ஸாம் மூணு மணி நேரம், 65 கேள்வி, எல்லாம் கம்ப்யூட்டரில். மவுஸை இடது கையில் பழகினான். ரஃப் வொர்க்குக்குக் கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த விரல்களில் பேனாவைச் செருகிக்கொண்டு, கொட்டை கொட்டையாக எழுதிப் பழகினான். ஹாஸ்டலில் அவன் தலைக்கு மேல் டைமர் வைத்து உட்கார்ந்திருந்தது நான்தான். மூணு மணி நேர மாக்கில் பதினைந்து கேள்வி மிச்சம் வைப்பான். ஒன்றும் சொல்ல மாட்டான், அடுத்த பேப்பரை எடுப்பான். மார்ச்சில் ரிசல்ட் வந்தது. குவாலிஃபை ஆகிவிட்டான். ஆனால் அவன் ஆசைப்பட்ட இடத்துக்கு அந்த ஸ்கோர் போதாது. அடுத்த வருஷம் மறுபடி எழுதப் போகிறான். கை உடையாமல் இருந்தால் வந்திருக்குமா? தெரியாது. அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய நிலைமையில் அவனை வைத்தது நான்.

அதனால் ஜூனியர்களே, மிச்சமிருக்கிற டிப்ஸ். களைத்துப்போனால் சரிவின் நடுவில் உட்காராதீர்கள், ஓரத்துக்குப் போங்கள். மேலே இருந்து வருகிறவருக்கு நீங்கள் தெரியாத இடத்தில் நிற்காதீர்கள். கீழே போகிறவருக்குத்தான் முன்னுரிமை. மோதாமல் பார்த்துக்கொள்வது பின்னால் வருகிறவர் பொறுப்பு. போர்டைக் கழற்றி வைத்தால் பைண்டிங் பனியில் படும்படி கவிழ்த்து வையுங்கள். இல்லையென்றால் அது தனியாகக் கிளம்பிப் போய்விடும், யாராவது முழங்காலில்தான் நிற்கும். தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள். இன்ஸ்ட்ரக்டருக்குக் கொடுக்கும் காசில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். அவர் "இன்னைக்கும் இங்கதான்" என்றால் அங்கேதான்.

அப்புறம், உங்கள் கேங்கிலும் ஒரு தாத்தா இருப்பான். "எனக்கு இன்னும் நிக்க வரல" என்று அவன் சொன்னால், அது கூச்சமோ பயமோ இல்லை, தகவல். அவனுடைய கால் என்ன சொல்கிறது என்று அவனுக்குத்தான் தெரியும். "ஒண்ணும் ஆகாது" என்று சொல்வதற்கு முன்னால், ஆனால் என்ன ஆகும் என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். அவன் விழும்போது ஊன்றப்போவது உங்கள் கை இல்லை.

இதை எழுதி முடித்ததும் தாத்தாவிடம்தான் முதலில் காட்டினேன். படித்துவிட்டு, "விழுந்தா எப்படி எழுந்திருக்கறதுன்னு எழுதவே இல்லையேடா" என்றான். சரிதான். உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்கத் திண்டாடினால், குப்புறப் புரண்டு, முழங்காலை ஊன்றி, மலையைப் பார்த்தபடி எழுந்திருங்கள். அதுதான் சுலபம்.

"குல்மார்க்ல மார்ச்லயும் பனி இருக்கும்ல?" என்று கேட்டான்.

"இருக்கும். ஏன்?"

"அடுத்த வருஷம் ரிசல்ட் வந்தப்புறம் போலாம். ஆனா ரெண்டு நாளும் பேபி ஸ்லோப்புதான். நீயும்தான்."

சரி என்று சொல்லியிருக்கிறேன்.