பெயரில்லாமல் தட்டிய கதவு

பேக்கப் நின்றுபோனால் கரண்ட் போனமாதிரி இருட்டாகாது. மூலக் கோப்பு தொலையும் நாள்வரை எல்லாம் வழமைபோலத்தான் இருக்கும்.

நான் பகுதிநேரமாக வேலைசெய்யும் சிறிய ஆவணகத்தில் பழைய கடிதங்கள், கையெழுத்துச் சஞ்சிகைகள், கோயில் நோட்டீசுகளை ஸ்கேன் செய்து வைக்கிறோம். இரவு ஒரு மணிக்கு அவற்றின் பிரதி வெளியே இருக்கும் சேர்வருக்குப் போகவேண்டும். மூன்று கிழமையாகப் போகவில்லை. மென்பொருள் காட்டியது ஒரே வரி: இணைய முடியவில்லை. "நெட் வேலை செய்யுதுதானே, பிறகென்ன?" என்றார் பொறுப்பாக இருக்கும் அண்ணா. அவர் சொன்னதும் சரி. பிரவுசரில் அதே முகவரி திறந்தது.

எங்கள் அலுவலகத்திலிருந்து வெளியே போகும் எல்லாமே ஸ்குவிட் என்ற புரொக்சியைத் தாண்டித்தான் போகும். அது ஒவ்வொரு கோரிக்கையையும் லொக் கோப்பில் ஒரு வரியாக எழுதிவைக்கும்: நேரம், எந்தக் கணினி, எங்கே, என்ன பதில், யாருடைய பெயரில். நேரம் 1970 ஜனவரி 1 இலிருந்து எண்ணிய செக்கன்களில் இருக்கும், மாற்றித்தான் பார்க்கவேண்டும். மற்றவர்கள் எந்தத் தளத்துக்குப் போனார்கள் என்பதும் அதற்குள் கிடக்கும். அதனால் முழுவதையும் கிண்டாமல், பேக்கப் ஓடும் கணினியின் ஐபி முகவரியை மட்டும் வடிகட்டிப் பார்த்தோம்.

ஒரு மணி தாண்டியதும் வரிசையாக 407. "நீ ஆரெண்டு சொல்லு" என்று புரொக்சி கேட்பதுதான் அது. ஒரு 407 வந்தால் பயமில்லை. பிரவுசரும் முதலில் அதை வாங்கி, பிறகு பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து 200 வாங்கும். இங்கே 200 வரவேயில்லை. பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சிறு கோடு. திகதியைப் பார்த்தால், புரொக்சிக்குப் பாஸ்வேர்ட் கட்டாயமாக்கிய நாளிலிருந்துதான் பேக்கப் நின்றிருக்கிறது. பகலில் பிரவுசரிடம் எங்கள் பெயர் இருந்தது. இரவில் தனியே ஓடிய பேக்கப்பிடம் கொடுக்கப் பெயர் இல்லை.

அதற்கென்று தனிப்பெயர் ஒன்றை உருவாக்கி, அதன் புரொக்சி செட்டிங்கில் போட்டோம். அடுத்த இரவு 407க்குப் பின்னால் 200.

"சரி, முடிஞ்சுது" என்றார் அண்ணா. முடியவில்லை. அந்த 200 பாதை திறந்ததை மட்டும்தான் சொல்லும். உள்ளே போவது குறியாக்கப்பட்டது. முழுதாகப் போய்ச் சேர்ந்ததா என்று புரொக்சிக்குத் தெரியாது. ஒரு கடிதத்தைத் திருப்பி இறக்கி, திறந்து வாசித்த பிறகுதான் நம்பினோம்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் எரிந்தன. ஒரேயொரு பிரதியாக இருந்தவை திரும்பி வரவில்லை. எங்கட அலமாரியில் இருக்கும் கடிதங்களும் ஒரேயொரு பிரதிதான். அதனால் இப்போது மாதம் ஒருநாள் ஏதாவது ஒரு கோப்பை இறக்கித் திறந்து பார்க்கிறோம். ஐந்து நிமிட வேலை. நீங்களும் இண்டைக்கே ஒண்டைத் திறந்து பாருங்கோ.