மலையேறும் பழைய கார்

நோய் இன்னதென அறியாமல் மருந்து கொடுக்கும் வழக்கம் மனிதருக்கு மட்டும் நேர்வதன்று. மோட்டார் கார்களுக்கும் நேர்கிறது. மலைநாட்டில் அதற்கான விலை சற்று அதிகம்.

ஹட்டனுக்கு அண்மையிலுள்ள தோட்டப் பாடசாலையொன்றின் ஆசிரியை, ஒட்டோ கியர் பூட்டிய பழைய டொயோட்டா ஸ்டார்லெட் ஒன்றை வைத்திருக்கிறார். ஸ்டார்லெட்டின் உற்பத்தி 1999ஆம் ஆண்டுடன் நின்றுபோயிற்று. 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி தடைப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் வழி திறந்தது. அவ்வைந்தாண்டுகளில் ஓடுகின்ற பழைய காரெல்லாம் பொன்னாயின. அதை விற்று வேறொன்று வாங்குவதென்பது ஆசிரியச் சம்பளத்திற்கு எட்டாத கனவு.

தலவாக்கலையைத் தாண்டி நானுஓயாவுக்கு ஏறும் பாதையிலே அந்தக் கார் தயங்கத் தொடங்கியது. நகரத்துக் கராஜ் ஒன்றிலே, போனட்டைத் திறவாமலே, கியர்பொக்ஸ் போய்விட்டதென்றும் பாவித்த ஜப்பான் பெட்டியொன்று போடவேண்டுமென்றும் தீர்ப்பளித்தனர். கேட்ட தொகையோ பல மாதச் சம்பளம்.

கொழும்பிலே நெடுங்காலம் கார் பழுதுபார்த்து, முதுமையில் லயத்துக்குத் திரும்பிய பெரியவர் ஒருவர் அத்தோட்டத்தில் இருந்தார். “நீங்க ஓட்டுங்க டீச்சர், நான் சத்தத்தைக் கேக்கிறேன்” என்று அவர் பக்கத்து இருக்கையில் அமர்ந்தார்.

அவர் முதலில் அறிய விரும்பியது, அது களைப்பா வழுக்கலா என்பதையே. நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையிலும் பார்க்க ஏறத்தாழ ஆறிலொரு பங்கு குறைவு. எஞ்சினும் அவ்வளவுக்கு வலிமை குன்றும். காற்றின் குறையைக் கியர்பொக்ஸின் தலையிற் சுமத்துவோர் பலர். களைத்த எஞ்சினின் ஓசை வேகத்தோடு சேர்ந்தே தாழும். கீழ்க் கியருக்கு மாறினால் ஓசை எழும், காரும் முன்னே இழுக்கும். ஓசை மட்டும் எழுந்து கார் பின்தங்கினால் அது வழுக்கல்.

“வழுக்குது டீச்சர்,” என்றார் பெரியவர். ஆசிரியையின் முகம் வாடியது.

அடுத்தது எண்ணெய். எஞ்சின் சூடேறி ஓடிக்கொண்டிருக்க, லீவரை எல்லா நிலைகளுக்கும் நகர்த்தி, மீண்டும் ‘பீ’யில் நிறுத்தி, சமதளத்திலே அளவு பார்க்கவேண்டும். தேயிலைத் தோட்டத்திலே சமதளம் தேடுவது எளிதா? லயத்து வாசலும் சரிவு, பாடசாலை வாயிலும் சரிவு. இறுதியில் தொழிற்சாலை முற்றமே கைகொடுத்தது. அளவு சரியாக இருந்தது. வெள்ளைத் துணியில் தொட்ட எண்ணெய் சிவப்பு மாறாமலிருந்தது, கருகிய நாற்றமுமில்லை. பழுப்பேறிக் கருகி நாறியிருந்தால் உள்ளே கிளச்சுத் தட்டுகள் எரிந்துள்ளன என்று பொருள், கராஜ்காரர் வென்றிருப்பர்.

இத்தகைய பழைய டொயோட்டா கார்கள் பலவற்றிலே, அக்சிலேற்றர் மிதியின் அசைவைக் கியர்பொக்ஸுக்கு உணர்த்தும் கம்பியொன்று உண்டு. மிதியை அழுத்துந்தோறும் உள்ளே எண்ணெயின் அழுத்தத்தை உயர்த்துவது அதுவே. அது தளர்ந்தால் அழுத்தம் போதாது, தட்டுகள் இறுகப் பற்றா, ஏற்றத்திலே வழுக்கும். அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால் நல்ல தட்டுகளும் எரிந்துபோகும். கம்பி தொய்ந்திருந்தது. இரண்டு நட்டுகளைத் தளர்த்தி, அளவாக இழுத்து இறுக்கினார். செலவு, ஒரு கோப்பைத் தேநீர்.

அன்று மாலையே கார் நானுஓயா ஏற்றத்தை ஏறியது. திரும்பி இறங்கும்போது லீவரை ‘டீ’யிலேயே விட்டிருந்த ஆசிரியையை அவர் கடிந்துகொண்டார்: “பிரேக்கை மட்டும் நம்பாதீங்க, ‘எல்’லுக்குத் தள்ளுங்க, எஞ்சின் பிடிச்சுக்கும்.” பிரேக் சூடேறிப் பிடிக்காமற் போவது மலைப்பாதையிலே கியர்பொக்ஸ் போவதிலும் பெரிய காரியம்.

குளிர்ந்த காலைகளில் லீவரை ‘டீ’யிலிட்டபின் கார் அசையச் சற்றுத் தாமதிப்பது மட்டும் இன்னும் நீங்கவில்லை. உள்ளேயுள்ள இறப்பர் வளையங்கள் முதுமையால் இறுகியிருக்கலாம் என்பது பெரியவரின் எண்ணம். தாமதம் நீள்கிறதா என்று பார்க்க, ஆசிரியை காலைதோறும் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்.