வாவிக்கரையில் ஒரு கமரா

கலைப்பீடத்தின் இரண்டாம் ஆண்டில் அவன் ஒளிப்பதிவைத் துணைப்பாடமாகவே எடுத்திருந்தான். ஒரு பருவத்துக்குரிய பயிற்சி அது. பருவ முடிவில் ஒவ்வொரு மாணவரும் ஐந்து நிமிடம் ஓடும் ஆவணப்படம் ஒன்றைத் தயாரித்துக் கையளித்தல் வேண்டும். பன்னிரண்டு பேருக்கு இரண்டு கமராக்கள் இருந்தன. அவற்றுள் ஒன்றின் பற்றரி அரைமணி நேரத்துக்கு மேல் உயிரோடு இருப்பதில்லை. ஆதலின் கமரா கைக்கு வரும் நாள் எதுவோ அதுவே அவனுக்குச் சுபதினம். அதற்கெனப் பஞ்சாங்கம் பார்க்கவேண்டிய தேவை இருக்கவில்லை.

எதைப் படமாக்குவது என்பதில் அவனுக்கு மயக்கமே இல்லை. தாயின் மூத்த சகோதரர் மட்டக்களப்பு வாவியில் தோணி வலித்து இறால் பிடிப்பவர். தாய்வழி உறவே தலையான உறவெனக் கொள்ளும் அந்நாட்டில் மாமனின் வீடு மருமகனுக்கு இரண்டாவது வீடு. மாமாவும் மறுப்புச் சொல்லவில்லை. “வாங்க மருமகன், விடியப்பறம் வாங்க. ஆனா கரையில நிண்டு படம் பிடிக்கப்படாது, தோணிக்கிள்ள ஏறணும்” என்றார். அவ்வளவே நிபந்தனை.

முதல் நாள் அவன் விடியலைத் தவறவிட்டான். கமரா அவன் கைக்கு வர மணி பத்தாகிவிட்டது. எனினும், வெயில் நன்றாக எறிக்கிறது, படமும் நன்றாக வரும் என்ற துணிவோடு புறப்பட்டான். மாலையில் மடிக்கணினியில் இட்டுப் பார்த்தபோது மாமாவின் முகம் கரிக்கட்டையாகவும் பின்னாலிருந்த வாவி எழுதாத தாளாகவும் காட்சியளித்தன. நிழலையும் பளபளப்பையும் ஒரே வேளையில் ஏற்றுக்கொள்ள மனிதக் கண்ணுக்கு இயலும். கமராவின் ஒளியுணரிக்கு அந்தத் தாராளம் இல்லை. வாவியோ வானத்தினின்று பெறும் ஒளியை வாங்கிய கையோடு திருப்பிக் கொடுப்பது. நீருக்கு வெளிச்சத்தை அளந்தால் முகம் இருளும், முகத்துக்கு அளந்தால் நீர் வெளுத்து மறையும். விரிவுரையாளர் இதனை வகுப்பில் இருமுறை விளக்கியிருந்தார். அவன் குறிப்பும் எடுத்திருந்தான். குறிப்பேட்டில் இருந்த அறிவு தோணியில் ஏறவில்லை, அவ்வளவுதான்.

பிறகு காலை ஏழு மணிக்கு முன்னும் மாலை ஐந்து மணிக்குப் பின்னுமே கமராவைத் திறப்பதென்று வைத்துக்கொண்டான். கரையில் எடுத்த காட்சிகளுக்கு மாமி வெள்ளைப் படுக்கை விரிப்பொன்றை இரு கையாலும் உயர்த்திப் பிடித்து நின்றார். வெயில் அதில் பட்டுத் தெறித்து மாமாவின் முகத்தில் விழ, கன்னத்துச் சுருக்கங்கள் யாவும் தெளிந்து வந்தன. அயலவர் கேலிசெய்தும் மாமி விரிப்பைத் தாழ்த்தவில்லை. அந்தப் படத்தில் அவருடைய உழைப்பு ஒவ்வொரு சட்டத்திலும் உண்டு. உருவம் மட்டும் எதிலும் இல்லை.

ஒலிவாங்கியில் காற்றடித்த பிழையை அனைவரும் செய்வர் என்பதால் அதனை விடலாம். திசைப்பிழை சற்றுச் சுவையானது. ஒரு காட்சியில் தோணி இடமிருந்து வலமாகச் சென்றது. அடுத்ததை மறுகரைப் பக்கமிருந்து எடுத்தமையால் அதே தோணி வலமிருந்து இடமாக வந்தது. இரண்டையும் அடுத்தடுத்து ஒட்டிப் பார்த்தபோது, மாமா தொழிலுக்குப் புறப்பட்ட மூன்றாவது விநாடியிலேயே மனம் மாறி வீடு திரும்பியதாகப் பொருள்பட்டது. வகுப்பே சிரித்தது.

அன்றுதான் விரிவுரையாளர் பாலுமகேந்திராவின் கதையைச் சொன்னார். 1939இல் அமிர்தகழியிற் பிறந்தவர் அவர். மாமாங்கேஸ்வரர் கோயில் அமைந்திருக்கும் அவ்வூர் நகரிலிருந்து சைக்கிளில் போய்வரக்கூடிய தூரத்தில் உள்ளது. டேவிட் லீன் என்னும் ஆங்கில நெறியாளர் ‘குவாய் நதிப் பாலம்’ படத்தைக் கித்துல்கலையில் எடுத்துக்கொண்டிருந்த காலத்தில், பள்ளிச் சுற்றுலா சென்ற அச்சிறுவன் படப்பிடிப்பைக் காண நேர்ந்தது. நெறியாளர் ‘மழை’ என்று குரல் கொடுக்க, மழை பெய்ததாம். தானும் அவ்வாறு சொல்லி மழை பெய்விக்கும் ஒருவனாகவேண்டும் என்ற ஆசை அவ்விடத்திலேயே பிறந்தது என்பார் பிற்காலத்தில். புனே திரைப்படக் கல்லூரியில் நெறியாள்கை பயிலவே விரும்பினார். இடம் கிடைத்ததோ ஒளிப்பதிவில். 1969இல் அங்கிருந்து வெளியேறினார். விரும்பியது கிடைக்காமையே அவருக்கு வெளிச்சத்தைக் கற்றுக்கொடுத்தது போலும். செயற்கை விளக்குகளை ஒதுக்கி, சாளரத்தால் வரும் பகலொளியை நம்பிப் படமெடுத்தவர் அவர். வாவிக்கரையில் வளர்ந்தவனுக்கு ஒளியின் போக்கு பாலப்பாடமாயிருந்திருக்கும் என்று எண்ணுவதில் தவறில்லை.

அவனை உறுத்தியது வேறொன்று. பாலுமகேந்திரா தமது பிள்ளைப்பிராய நினைவுகளைக் கொண்டு 1979இல் ‘அழியாத கோலங்கள்’ படத்தை ஆக்கினார். ஆனால் திரையிலே விரிவது தமிழகத்துக் கிராமம். அமிர்தகழியின் பையன்கள் வேறோர் ஊரின் ஆற்றங்கரையில் ஓடித்திரிகிறார்கள். அவர் 2014 பெப்ரவரியிற் காலமானார். ‘வீடு’ முதலான தம் படங்கள் சிலவற்றின் மூலச்சுருள்கள் பேணுவாரின்றி அழிந்தமை குறித்து இறுதிக்காலத்தில் மனம் நொந்து பேசிவந்தார். அத்தகைய கலைஞனின் மூலச்சுருளுக்கே அக்கதி எனில், ஐந்து நிமிடப் பயிற்சிப் படத்துக்கு என்ன கதி?

மட்டக்களப்பைப் படமெடுப்பவன் பாடுமீனை விட்டுவிட இயலுமா? ஏப்பிரல் தொடக்கம் செப்ரெம்பர் வரையான காலத்து அமைதியான நிலவு இரவுகளில், கல்லடிப் பாலத்தை அண்டிய நீரினடியிலிருந்து ஓர் ஓசை எழும் என்பது ஊரறிந்த செய்தி. 1848இல் இங்கு வந்த எமர்சன் ரெனன்ற், அதனைக் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பில் ஈரவிரலைத் தேய்த்தெழும் நாதத்துக்கு ஒப்பிட்டார். 1950களில் லாங் என்னும் அமெரிக்க யேசுசபைத் துறவி அதனை ஒலிப்பதிவு செய்ய, இலங்கை வானொலி பின்னர் ஒலிபரப்பியது. மீனா, ஊரியா, வேறேதுமா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.

மாமா ஒரு பறுவ இரவில் அவனைக் கூட்டிச் சென்றார். நிலவில் இறால் படாது. ஆகவே வலை எடுக்கவில்லை என்றார். ஒலிவாங்கியைப் பலூனுக்குள் நுழைத்து, வாயைக் கட்டி, நீருக்குள் இறக்கினான். தோணியின் பலகை முனகியது. தொலைவில் பாலத்தின்மேல் மோட்டார் சைக்கிள் ஓடியது. மற்றவையெல்லாம் இரைச்சல். மாமா ஒன்றும் பேசாமல் துடுப்பின் ஒரு முனையை நீரில் ஊன்றி மறுமுனையை அவன் காதில் வைத்தார். கேட்டது. மிக மெல்லியதாய், விட்டுவிட்டுக் கேட்டது. ஒலிவாங்கியைத் துடுப்பில் கட்டிப் பார்த்தும் மரம் உராயும் சத்தமே பதிந்தது. பாடுமீன் அவன் படத்தில் இல்லை.

நேர்காணலைக் கடைசியாக வைத்திருந்தான். மாமா முன்பு நாவலடியிலிருந்து கடலுக்குப் போனவர். 2004 டிசம்பர் 26ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, அதுவும் ஒரு பறுவநாள், காலையிலே கடல் ஏறியபோது அவருடைய ஒன்பது வயது மகள் போனாள். அவனுக்கு அப்போது நடக்கவும் தெரியாது. அதன்பின் மாமா கடலுக்குப் போனதில்லை. குடும்பத்தில் யாவரும் அறிந்த செய்தி, ஆனால் எவரும் கேட்டறியாதது. கமராவுக்குப் பின்னால் நின்றவனுக்கோ கேட்கும் துணிவு எங்கிருந்தோ வந்தது. “ஏன் மாமா கடலுக்குப் போறல்ல?”

மாமா வலை முடிந்துகொண்டிருந்தார். நான்கு வசனங்களில் சொன்னார், அவளுடைய பெயரைச் சொன்னார், அதன்பின் பேசவில்லை. பேசுபவர் நிறுத்தினாலும் கமராவை நிறுத்தாதே என்பது வகுப்பிற் கற்ற பாடம். அவன் நிறுத்தவில்லை. ஐம்பத்திரண்டு விநாடிகள். அவருடைய கைகள் மட்டும் அசைந்தன. ஒரு கண்ணைத் தவறவிட்டு அடுத்ததில் முடிச்சிட்டார். பின்னர் அதனைக் கண்டு, நகத்தால் நெகிழ்த்து, மறுபடி முடிந்தார். எழும்பிப் போகையில், “இந்தக் கதைய மாமி கேக்கப்படாது மருமகன்” என்றார்.

வகுப்பில் அதனைப் போட்டுக் காட்டியபோது ஒருவரும் இருமக்கூட இல்லை. “இதுதான் உனது படம், மற்றவையெல்லாம் இறால்” என்றார் விரிவுரையாளர். அவர் சொன்னது முற்றிலும் சரி. அதுவே அவனுடைய தொல்லை. திரையிடல் பொதுமண்டபத்தில் நடைபெறும். அழைக்காவிட்டாலும் மாமி வருவார், படுக்கை விரிப்பைப் பிடித்தவரல்லவா? பகுதியை வெட்டினால் படம் சாகும். வைத்தால் மாமாவின் சொல்லை மீறியதாகும். அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவேண்டுமா என்பதில் அவனுக்கு இன்றுவரை தெளிவு ஏற்படவில்லை. கமரா இல்லாதிருந்தால் கேட்டிரான் என்பது மட்டும் நிச்சயம்.

மூன்று இரவுகள் தொகுப்பு மேசையில் இருந்தான். முடிவில் மாமாவின் பேச்சு முழுவதையும் நீக்கி, கைகளின் ஐம்பத்திரண்டு விநாடிகளை அவ்வாறே விட்டான். காரணம் தெரியாத பார்வையாளருக்கு அது நீண்ட வலைமுடிதலாகவே தோன்றியது. நடுவர் குறிப்பில் ‘பிற்பகுதி தொய்வு’ என்றிருந்தது. பார்த்தவரைக் குறைகூற முடியாது.

திரையிடலன்று மாமி முன்வரிசையில் இருந்தார். மாமா வரவில்லை. கைகள் திரையில் வந்தபோது மாமி முந்தானையைச் சரிசெய்தார்; வேறொன்றும் செய்யவில்லை. வெளியே வந்ததும், “ஒரு கண்ண விட்டுட்டு முடிஞ்சார், கண்டீங்களா?” என்றார். வாசற்படியில் செருப்பைத் தேடியவாறே, “அவர் கதைச்சதும் இரிக்கா மருமகன் உங்கட்ட?” என்று கேட்டார்.

“இரிக்கி மாமி.”

“அழிச்சிப் போடாம வெச்சிரிங்க. எனக்கு இப்ப வேணாம்.”

அவன் அன்றிரவே அக்கோப்பை மற்றொரு வன்தட்டிலும் பதிந்து, மேலே அவளுடைய பெயரை எழுதி ஒட்டினான்.