சராசரி மழை

வருடக் கடைசியில் டி.வி. செய்தியில் ஒரு வரி வரும், கவனித்திருப்பீர்கள். 'இந்த ஆண்டு மழை இயல்பை ஒட்டியே பெய்துள்ளது!' அப்பாடா என்று நாமும் சேனலை மாற்றிவிடுவோம். தண்ணீர் லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓட வேண்டாம். நமக்கு அது போதும்.

நான் பி.காம். படித்தவன். கணக்கு டேலி ஆனால் எனக்கு அதன் மேல் தானாக ஒரு மரியாதை வந்துவிடும். மழைக் கணக்கு டேலி ஆனால் மட்டும் சந்தேகம் வருகிறது. காரணம், சென்னிமலையில் பண்ணையம் பார்க்கிற என் பெரியப்பா.

சென்னிமலை என்றதும் உங்களுக்கு முருகனும், கந்த சஷ்டி கவசமும், பெட்ஷீட்டும் ஞாபகம் வரும். அது மழை மறைவுப் பிரதேசம் என்பது வராது. தென்மேற்குப் பருவக்காற்று இருக்கிற தண்ணீரையெல்லாம் கேரளாவில் கொட்டிவிட்டு, பாலக்காட்டுக் கணவாய் வழியாக வெறுங்கையோடு வரும். ஈரோடு மாவட்டத்துக்கு வருடம் சுமார் 700 மில்லிமீட்டர்தான் மழை. கீழ்பவானி வாய்க்கால் பக்கத்தில்தான் ஓடுகிறது. பெரியப்பாவின் காடு மேட்டில் இருப்பதால் அதற்கு வானம்தான் வாய்க்கால்.

"மழ எவ்வளவு பேஞ்சுதுன்னு கேக்காத கண்ணு, எப்பப் பேஞ்சுதுன்னு கேளு" என்பார்.

விஷயம் இதுதான். ஆடிப்பட்டத்தில் விதைத்த நிலக்கடலை நாற்பது, நாற்பத்தைந்து நாளில் விழுது இறக்கும். பூவில் இருந்து ஊசி மாதிரி ஒரு காம்பு கிளம்பி மண்ணுக்குள் இறங்கும். காய் பிடிப்பது அங்கேதான். அந்த நேரம் பார்த்து மூன்று வாரம் மழை ஏமாற்றினால் மண் இறுகிவிடும், விழுது இறங்காது. செடி பச்சையாக நிற்கும். பிடுங்கினால் காய் இருக்காது. சரி, எப்படியோ தப்பிப் பிழைத்துக் காய் முற்றிவிட்டது என்று வையுங்கள். பிடுங்கப் போகிற வாரத்தில் நான்கு நாள் அடைமழை! கடலை மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும்.

இப்போது மொத்த மழையையும் கூட்டிப் பாருங்கள். சராசரி! பேரேட்டில் குறையே இல்லை. காட்டில் ஒரு மூட்டை இல்லை.

சராசரிக்கே வழியில்லாத வருடமும் வந்தது. 2016ல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவிகிதம் குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி மாவட்டங்கள் என்று அரசு அறிவித்தது. நமக்கு அந்த ஜனவரி, ஜல்லிக்கட்டுப் போராட்டமாகத்தான் ஞாபகம் இருக்கும். பெரியப்பாவுக்கு அது, தீவனம் வாங்க முடியாமல் இரண்டு எருமைகளை விற்ற மாதம். அடுத்த வருடமே கதை தலைகீழ். 2018 ஜூலையில் மேட்டூர் நிரம்பி வழிந்தது. ஆகஸ்ட்டில் முக்கொம்பில் கொள்ளிடம் மதகுகளே அடித்துக்கொண்டு போயின. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் விற்ற எருமை திரும்பி வருமா?

'பயிர் இன்ஷூரன்ஸ் இருக்கிறதே' என்பீர்கள். இருக்கிறது. 2016ல் இருந்து பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் நடக்கிறது. ஆனால், வறட்சியில் பயிர் போனால் உங்கள் காட்டை வந்து பார்த்து யாரும் பணம் தர மாட்டார்கள். அறிவிக்கப்பட்ட கிராமத்தில் அல்லது பிர்க்காவில் சில இடங்களில் அறுவடை செய்து எடை போடுவார்கள். அந்தப் பகுதியின் சராசரி விளைச்சல் குறைந்தால்தான் பணம். மாட்டுக்கு ஒரு கொம்பு நனைந்து, மறு கொம்பு காய்கிற மாதிரி மழை பெய்கிற ஊர் அது. பக்கத்துக் காட்டுக்காரருக்கு விளைந்துவிட்டால் இவர் நஷ்டம் கணக்கிலேயே வராமல் போகலாம். இங்கேயும் சராசரிதான்!

அந்தக் காலத்து ஆட்கள் மழையை நம்பி மொத்த முதலையும் போட்டதில்லை. நிலத்தில் ஒரு பகுதியைக் கொறங்காடாக விட்டு வைத்தார்கள். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். மழை வந்தால் புல் தழையும். வராவிட்டாலும் வெள்வேலங்காயைத் தின்று ஆடுகள் தாக்குப்பிடிக்கும். காங்கேயம் மாடு வளர்ந்ததும் அங்கேதான். வணிகவியலில் 'ரிசர்வ் ஃபண்டு' என்று நான் பரீட்சைக்குப் படித்ததை, அவர்கள் வேலி கட்டி வைத்திருந்தார்கள். இன்றைக்குப் பல கொறங்காடுகளில் வீட்டுமனைக் கல் நட்டாகிவிட்டது. கையிருப்பைக் கரைத்துவிட்டுத்தான் தப்புகிற மழையின் எதிரே நிற்கிறோம்.

போன தடவை போனபோது, தாழ்வாரத்தில் ஒரு சாக்கு மூட்டை தனியாக இருந்தது. விதைக் கடலை. நல்ல விலைக்குக் கேட்டு ஆள் வந்ததாம், கொடுக்கவில்லை.

"இந்த வருசமும் விதைக்கிறீங்களா பெரியப்பா?"

"அப்பறம்? காட்டப் போட்டு வெச்சா மனசு கேக்குமா? மழக்கு நம்ம காடு இருக்கறது தெரியோணுமல்லோ" என்றார்.

மழைக்குத் தெரிகிறதோ இல்லையோ, காப்பீட்டுக் கணக்குப் போடுகிறவர்களுக்கு அந்தக் காடு தெரிய வேண்டும். ஊருக்கு ஊர் மழைமானி வைத்து, எந்த வாரம் பெய்தது, எந்த வாரம் பெய்யவில்லை என்று பார்த்துப் பணம் கொடுப்பது செய்ய முடியாத காரியமா என்ன? அதுவரைக்கும், 'இயல்பான மழை' என்று யாராவது சொன்னால் உடனே சேனலை மாற்றாதீர்கள். எந்த ஊரில், எந்த வாரத்தில் என்று ஒரு கேள்வி கேளுங்கள். உங்கள் வீட்டுக் கடலை எண்ணெய் அந்த வாரத்தில் இருந்துதான் வருகிறது.